கண்டும் காணாமையியல்: கம்பைலர் எச்சரிக்கைகளை அடக்குவது பற்றி, பாம்பன் கூண்டுகளின் துணையோடு ஓர் ஆய்வு

பாயிரம்

ஒரு மென்பொருள் திட்டத்தில் எந்த எச்சரிக்கைக்குக் காது கொடுப்பது, எதைக் கேளாதவர்போல் இருந்துவிடுவது என்று தீர்மானிப்பதற்கு ஒரு சாத்திரம் தேவைப்படுகிறது. இவ்வாய்வு அதற்குக் கண்டும் காணாமையியல் என்று பெயர் சூட்டுகிறது. பெயர் வைத்துவிட்டால் துறையும், துறைத் தலைவரும், கருத்தரங்கமும், மதியச் சாப்பாடும் தானாக வந்து சேரும் என்பது நம் பல்கலைக்கழகங்கள் கண்ட உண்மை.

நிரல் எழுதாத வாசகர்க்குச் சிறு விளக்கம். மனிதர் எழுதியதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். பில்ட் எனப்படும் அந்த மாற்றத்தின்போது அது இரண்டு விதமாக வாய் திறக்கும். ஒன்று எரர். இது நடக்காது என்று பொருள். வேலை அங்கேயே நின்றுவிடும். மற்றது வார்னிங். நடக்கும், ஆனாலும் எனக்கென்னவோ சரியாகப் படவில்லை என்று பொருள். வேலை முடிந்துவிடும், மனக்குறை மட்டும் திரையில் தங்கும். எரரை யாரும் மதித்தே ஆக வேண்டும். ஆகவே ஆய்வுக்கு அது உதவாது. மதிக்கலாம், மதிக்காமலும் போகலாம் என்று விடப்பட்ட இடத்தில்தான் மனித சுபாவம் தெரியும். வார்னிங் அப்படிப்பட்ட இடம்.

ஆய்வுக்களம்

இதைப் பெங்களூரிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ செய்திருக்கலாமே, தங்கச்சிமடத்தில் எதற்கு என்று நெறியாளர் கேட்பார். அங்கெல்லாம் கம்பைலர் உண்டு, கூண்டு கிடையாது. ராமேஸ்வரம் தீவில் இரண்டும் உண்டு. கொரோனா காலத்தில் மடிக்கணினியோடு ஊர் திரும்பியவர்களில் சிலர் திரும்பிப் போகவேயில்லை. மல்லிகை நாற்றுக்குப் பேர்போன இந்த ஊரில், பதியன் பாத்திக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அயல்நாட்டு வங்கி ஒன்றின் நிரலைப் பில்ட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மேற்கே சில கிலோமீட்டரில் பாம்பன் துறைமுக அலுவலகம். அங்கே ஒரு கம்பம். வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்தால் அந்தக் கம்பத்தில் கூண்டு ஏறும். மறுநாள் நாளிதழில் 'பாம்பனில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்று வரும். ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் நாளிதழ் படிக்கிற எவருக்கும் பாம்பன் என்றதும் பாலத்துக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது இந்தக் கூண்டுதான்.

பாலம் கடந்து வருகிறவர் முதலில் பாம்பனையும், பிறகு அக்காள்மடத்தையும், அதன் பின்பே தங்கச்சிமடத்தையும் அடைவார். எச்சரிக்கையும் இந்த வழியாகத்தான் வருகிறது. அக்காளைத் தாண்டி வருவதற்குள் அதன் காரம் பாதி குறைந்துவிடுகிறது என்பது தங்கச்சிமடத்துத் தரப்பு. அக்காள்மடத்தார் இதை ஒப்புக்கொள்வதில்லை.

முன்னோர் செய்தவை

எச்சரிக்கை என்னும் நிறுவனம் கம்பைலருக்கு முந்தியது. 1864இல் கல்கத்தாவைப் புரட்டிப் போட்ட புயலுக்குப் பிறகு, அடுத்த ஆண்டே அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. நிரல் உலகத்துக்கு அந்த விவேகம் வர நூறாண்டு பிடித்தது. 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 'லின்ட்' என்ற கருவியை அறிமுகப்படுத்தினார். அந்தக் காலத்து சி கம்பைலர் நிரலாளரை நம்பியது. அவர் எழுதியதில் ஏதோ காரணம் இருக்கும் என்று விட்டுவிட்டது. லின்ட் யாரையும் நம்பவில்லை. கம்பைலர் கண்டுகொள்ளாமல் விட்டதையெல்லாம் துருவித் துருவிச் சொன்னது. பிறகு கம்பைலர்களும் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டன.

இன்று ஜிசிசி கம்பைலரில் 'டபிள்யூ-ஆல்' என்று ஒரு விசை உண்டு. அதைப் போட்டால் எல்லா எச்சரிக்கையும் வரும் என்று புதிதாக வந்த பையன் நினைத்துக்கொள்வான். வராது. மீதிக்கு 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' போட வேண்டும். அதற்குப் பிறகும் மீதி உண்டு. கிளாங் கம்பைலரில் 'டபிள்யூ-எவ்ரிதிங்' என்ற விசை உண்மையிலேயே அத்தனையையும் திறந்துவிடும். ஒன்றுக்கொன்று முரணான புத்திமதிகளும் அதில் அடக்கம். அன்றாட வேலைக்கு அது வேண்டாம் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள். எல்லாருடைய அறிவுரையையும் ஒரே நாளில் கேட்டு நடந்தவன் இந்தக் கடற்கரையிலும் இல்லை.

கூண்டு இலக்கணம்

இந்தியத் துறைமுகங்களின் எச்சரிக்கை எண்கள் 11. பகலில் கூம்பும் உருளையுமான கூடுகளைக் கம்பத்தில் ஏற்றுவார்கள். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். 1 என்றால் தொலைதூரக் கடலில் புயல் உருவாகக்கூடிய நிலை. 2 என்றால் அங்கே புயலே உருவாகிவிட்டது. இவை இரண்டும் கப்பல்காரர்களுக்கு. துறைமுகத்துக்கு உடனடிக் கேடு இல்லை. 3 வந்தால் திடீர்க் காற்று துறைமுகத்தையே தொடக்கூடும். 4 வந்தால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்கே ஆபத்து. 5, 6, 7 அபாயம். புயல் எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதைப் பொறுத்து முதல் இரண்டு எண்கள், நேராகவோ மிக அருகிலோ என்றால் 7. அதே மூன்று நிலையும் கடும்புயலுக்கு வந்தால் 8, 9, 10. பதினொன்று தனி ஜாதி. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த அட்டவணையின் அருமை கம்பைலரோடு பழகியவர்க்குத்தான் தெரியும். கம்பைலருக்குத் தூரம் தெரியாது. அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்ட ஒரு மாறியைப் பற்றியும், இரண்டு மதிப்பை ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒரேயொரு சமக்குறி போட்டு ஒன்றை மற்றதில் கொட்டிவிட்டதைப் பற்றியும் அது ஒரே நிறத்தில், ஒரே சுருதியில் புகார் சொல்லும். முன்னது வீட்டில் ஒரு சாமான் சும்மா கிடக்கிறது என்பது மட்டும். பின்னது அடுத்த மாதம் சம்பளப் பட்டியலையே கவிழ்க்கும். இரண்டுக்கும் ஒரே கூண்டை ஏற்றினால் நாலாவது நாள் கம்பத்தைப் பார்க்கிறவர் யாரும் இருக்கமாட்டார்.

களப்பணியின் ஒரு பகுதியாக, விசைப்படகு ஓட்டி ஓய்ந்த சம்மாட்டி ஒருவரை இவ்வாய்வாளர் பேட்டி கண்டார்.

"ஒண்ணாம் நம்பர் ஏத்துனா என்ன செய்வீங்க மாமா?"

"ஒண்ணுக்கு என்னத்தச் செய்ய? வானத்த ஒரு பார்வ பாத்துக்கிற வேண்டியதுதான்."

"மூணுக்கு?"

"மூணுன்னா படகுக்கு இன்னொரு நங்கூரம் போடணும் தம்பி. அதுக்கு மேல போச்சுன்னா படக நெனைக்கக் கூடாது. வீட்டுக் கூரைய நெனைக்கணும்."

எச்சரிக்கைகளை எப்படிக் கையாள்வது என்று கூட்டம் போட்டு, ஆவணம் எழுதி, சுற்றுக்கு விடும் நிறுவனங்களில் இவ்வளவு தெளிவாக ஓர் ஆவணத்தை இவ்வாய்வாளர் இதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு செயல். செயல் இல்லாத எச்சரிக்கை வெறும் சத்தம்.

அடக்கத்தின் தோற்றுவாய்

மனிதர் ஏன் எச்சரிக்கையை அடக்குகிறார்? சோம்பல் என்பார்கள் நெறியாளர்கள். இவ்வாய்வு உடன்படவில்லை. பெரும்பாலும் நியாயமான மனக்கசப்பே காரணம்.

2020 டிசம்பரில் புரெவி வந்தது. தீவு முழுக்கத் தயாரானது. படகுகளைக் கரையேற்றினார்கள், தாழ்வான இடங்களில் இருந்தவர்களை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். புரெவி மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரக் கரைக்குப் பக்கத்தில் வந்து, நகராமல் நின்று, அங்கேயே வலுவிழந்தது. கரை கடக்கிற நேரத்தை எதிர்பார்த்து ராத்திரி கண் விழித்தவர்களிடம் அது இந்தக் கரையைக் கடக்கவில்லை என்று சொன்னால் என்ன தோன்றும்? அடுத்த கூண்டை நம்பும் அளவில் ஒரு பிடி குறைந்துதான் போகும். வானிலைத் துறை தவறு ஏதும் செய்யவில்லை; அபாயம் மெய், அடி மட்டும் விழவில்லை. கம்பைலரும் இப்படித்தான். 'இந்த மாறிக்கு மதிப்புத் தராமலே பயன்படுத்தியிருக்கலாம்' என்று ஒன்று சொல்லும். நிரலாளர் போய்ப் பார்ப்பார். எல்லா வழியிலும் மதிப்புத் தரப்பட்டிருக்கும். அந்தச் சுற்றுவழி கம்பைலருக்குப் புரிந்திருக்காது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் இந்த ஓர் எச்சரிக்கை மட்டும் பொய்யாக வந்து வந்து உயிரை வாங்கியதால் 2020இல் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வழக்கமான பில்டில் அணைத்தே வைத்தார். அவர் சோம்பேறி அல்லர்.

மறுபக்கமும் உண்டு. 2024 நவம்பர் 20ஆம் தேதி இந்தத் தீவில் பெயர் வைத்த புயல் ஒன்றும் இல்லை. ஆனால் பாம்பனில் மூன்று மணி நேரத்தில் 19 சென்டிமீட்டர் கொட்டியது. ராமேஸ்வரத்தில் அன்று மொத்தம் 40 சென்டிமீட்டருக்கு மேல். தங்கச்சிமடத்தில் 30ஐத் தாண்டியது. இத்தனை சிறிய பரப்பில், இத்தனை குறுகிய நேரத்தில் வெடிக்கும் மேகம் கூண்டுக்குப் பிடிபடாத சாதி. நிரலுலகில் இதை ரன்டைம் எரர் என்பார்கள். பில்ட் ஆகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல், வாடிக்கையாளர் பொத்தானை அழுத்தும் நேரம் பார்த்து வருவது. இவ்விரண்டு அனுபவமும் உள்ளவன் எச்சரிக்கைப் பட்டியலைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ளமாட்டான். குப்பை என்று தள்ளவும் மாட்டான்.

அடக்கும் முறைகள்

பரப்பளவைப் பொறுத்து முறைகள் மூன்று. ஒரு வரிக்கு மட்டும் வாய்ப்பூட்டு போடுவது முதல் வகை. ஜாவாவில் 'சப்ரஸ் வார்னிங்ஸ்', சியில் 'பிராக்மா', மற்ற மொழிகளில் வரியின் ஓரத்தில் ஒரு குறிப்பு. இது கௌரவமான அடக்கம். இந்த இடத்தில், இந்தக் காரணத்துக்காக, எனக்குத் தெரிந்தேதான் இப்படி எழுதியிருக்கிறேன் என்று வருகிறவர் பார்க்கும்படி அறிவிப்பது. ஒரு கோப்பு முழுவதற்கும் போடுவது இரண்டாம் வகை. வேறொருவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கோப்புகளுக்கு இது வழக்கம். திட்டம் முழுவதற்கும் ஒரே இடத்தில் எழுதி, அந்த எச்சரிக்கையையே நாடு கடத்துவது மூன்றாம் வகை. சி ஷார்ப் திட்டங்களில் 'நோவார்ன்' என்ற வரியில் எண்களைக் காற்புள்ளி போட்டு அடுக்கியிருப்பார்கள். 1591 பெரும்பாலும் முதலில் நிற்கும். பொது உறுப்புக்கு விளக்கக் குறிப்பு எழுதவில்லை என்ற புகார் அது. விளக்கம் எழுதச் சொன்ன எச்சரிக்கையை, விளக்கம் எழுதாமலே அடக்குவது.

எண்ணாயிரம் எச்சரிக்கையோடு ஒரு பழைய திட்டம் கைக்கு வந்தால் என்ன செய்வது? அதற்கு 'பேஸ்லைன்' என்றொரு உபாயம் இருக்கிறது. இன்று இருப்பதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி மன்னித்துவிடுவது. நாளை முதல் புதிதாக வருவதை மட்டும் பிடிப்பது. குழந்தை தெரசாள் ஆலயம் இருக்கும் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. பாவசங்கீர்த்தனம் செய்தாகிவிட்டது, இனிமேல் ஒழுங்காக இரு. ஒரே வேறுபாடு, அங்கே பாவங்களை ஒவ்வொன்றாக வாயால் சொல்ல வேண்டும். இங்கே ஒரே கட்டளையில் மொத்தமும் எழுதப்பட்டுவிடும்.

காரணக் குறிப்புகள் பற்றி ஒரு தனி நூலே எழுதலாம். 'பிறகு பார்க்கவும்' என்பது மிகுதி. 'தற்காலிகம்' என்பது அடுத்தது. தமிழ்நாட்டுத் தற்காலிகப் பேருந்து நிலையங்களின் ஆயுள் அதற்குக் கெட்டி. ஆனால் ஆய்வாளர்க்குப் பிடித்தது காரணமே எழுதாமல் விட்ட அடக்கம். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். எடுத்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வராது. அந்த வரி மட்டும் கோயில் சொத்துபோல் தலைமுறை தலைமுறையாக நிற்கும்.

எச்சரிக்கையை வாயோடு அடைக்கும் தொழில் இந்தியச் சட்டத்தின் கண்ணிலும் பட்டிருக்கிறது. காரில் சீட் பெல்ட் போடாவிட்டால் ஒரு மணி ஓயாமல் அடிக்கும். பெல்ட் போடாமலே அந்த மணியை நிறுத்த, பூட்டுக்குள் செருகும் ஒரு சிறு உலோகக் கிளிப் இணையக் கடைகளில் விற்றது. சில இடத்தில் பாட்டில் திறப்பான் என்றும் சிகரெட் லைட்டர் என்றும் வேறு பெயரில். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து நிறுவனங்களுக்கு ஆணை பிறப்பித்தது. 13,118 விற்பனைப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. நிரலுலகில் இதற்கு நேர் இணை உண்டு. பயன்படுத்தாத மாறியைப் பற்றிக் கம்பைலர் முணுமுணுத்தால், ஒன்றுக்கும் உதவாத ஒரு வரியில் அந்த மாறியைத் தொட்டுவைப்பது. கோ மொழியில் இது பிழைப்பின் பகுதி. அந்த மொழியை வடித்தவர்கள் கம்பைலருக்கு வார்னிங் என்ற நடுநிலையே வேண்டாம் என்று விட்டார்கள். பயன்படுத்தாத உள்மாறி நேரடியாக எரர். விளைவு, அடிக்கோட்டுக் குறியில் அதைக் கொட்டிவிட்டுப் போகும் வழக்கம். மணி நின்றுவிடும், பெல்ட் போடப்பட்டிருக்காது.

எச்சரிக்கையை எரராக்குதல்

ஜிசிசியில் 'டபிள்யூ-எரர்' என்ற விசையைப் போட்டால் ஒவ்வொரு வார்னிங்கும் எரராகிவிடும். ஒன்று வந்தாலும் பில்ட் நிற்கும். இந்த விசைக்கு உலகிலேயே நேர்த்தியான உருவகம் வெளியூரில் இல்லை. பாம்பன் பாலத்தில் இருந்தது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுவில் ஒரு காற்றுமானி இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டதும் சிக்னல் தானாகச் சிவப்பானது. நிலைய அதிகாரியின் அனுபவம், ஓட்டுநரின் அவசரம், பயணிகளின் கெஞ்சல் எதற்கும் அங்கே இடமிருந்ததில்லை. கடற்கரையிலும் இதே ஏற்பாடு. வானிலைத் துறை சொல்வது எச்சரிக்கைதான். ஆனால் அன்று மீன்வளத் துறை டோக்கன் தராவிட்டால் விசைப்படகு கிளம்பாது. எச்சரிக்கை எழுதுகிறவர் ஒருவர், அதை எரராக்குகிறவர் வேறொருவர். இது நல்ல நிர்வாகம் என்று இவ்வாய்வு கருதுகிறது.

ஆனால் இதற்கு விலை உண்டு. ஐஐடி மெட்ராஸ் பொருத்தியிருந்த உணரிகள் பழைய பாலத்தின் தூக்குப் பகுதியில் அபாயம் காட்டியதால் 2022 டிசம்பர் 23 முதல் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6இல் புதிய பாலம் திறக்கும் வரை தீவில் பயணிகள் ரயிலின் சத்தமே கிடையாது. காசியிலிருந்து வருகிற பக்தரும், மதுரை மருத்துவமனைக்குப் போகிற நோயாளியும் இரண்டே கால் ஆண்டு பேருந்துக்கும் ரயிலுக்குமாக மண்டபத்தில் மாறினார்கள். டபிள்யூ-எரர் என்றால் இது. பில்ட் உடைந்தால் உடைந்ததுதான். புதிய பாலம் வேறு வகையில் சுவையானது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் 2024 நவம்பரில் குறைகளை எழுதினார். கூடவே வேகத்துக்குக் கட்டுப்பாடு விதித்து அனுமதியும் தந்தார். பில்ட் ஆனது, வார்னிங்குகளோடு.

டோர்வால்ட்ஸ் 2021 செப்டம்பரில் லினக்ஸ் முழுவதற்கும் டபிள்யூ-எரரை இயல்பாக்கிப் பார்த்தார். உலகத்தின் மூலை முடுக்கிலெல்லாம் பழைய கம்பைலரிலும் பழைய எந்திரத்திலும் பில்ட் உடைந்தது. சில நாளில் அது சோதனைப் பில்டுகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. காரணம் எளிது. கம்பைலரின் ஒவ்வொரு புதிய பதிப்பும் புதிதாகச் சில எச்சரிக்கைகளைக் கற்றுக்கொண்டு வருகிறது. நேற்றுவரை சுத்தமாக இருந்த நிரல், ஓர் எழுத்தும் மாறாமல், இன்று குற்றவாளியாகிறது. ஆகவே அனுபவசாலிகள் தம் வீட்டில், தம் கம்பைலரில் மட்டும் இதைப் போடுவார்கள். பிறர் வீட்டுக்கு அனுப்பும் நிரலில் எடுத்துவிடுவார்கள். ரஸ்ட் மொழிக்காரர்கள் இதை முறைப்படுத்தி அனுமதி, எச்சரிக்கை, மறுப்பு, தடை என்று படி வைத்தார்கள். மறுப்பைக் கீழே இருப்பவர் தளர்த்தலாம். தடையைத் தளர்த்த முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அது இந்த நான்காம் படி.

அடக்கியதால் நேர்ந்தது

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் 2006இல் நடந்ததை இந்தத் துறையின் மாணவர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். 'ஓபன் எஸ்எஸ்எல்' என்பது இணையத்தில் ரகசியம் காக்கும் மென்பொருள். சாவிகளை உண்டாக்க அதற்கு யூகிக்க முடியாத எண்கள் வேண்டும். அந்த எண்களைக் கடைகிற கோப்பில், மதிப்பு இடப்படாத நினைவகத்தைத் தொடுவதாக 'வால்கிரைண்ட்' என்ற சோதனைக் கருவி புகார் சொன்னது. பராமரிப்பாளர் பார்த்தார். ஒரே மாதிரியான இரண்டு வரிகள், இரண்டு வெவ்வேறு இடத்தில். கேட்டும் பார்த்தார், ஆட்சேபம் வரவில்லை. இரண்டையும் எடுத்துவிட்டார். புகார் நின்றது.

இரண்டில் ஒரு வரி உண்மையிலேயே அலங்காரம். இருந்தாலும் போனாலும் ஒன்றுதான். மற்ற வரி, வெளியிலிருந்து வரும் அத்தனை தற்செயலையும் கடைசலுக்குள் கொட்டுகிற வாய். அதை அடைத்தபின் உள்ளே மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் வரிசை எண் மட்டும். அந்த எண் 32,768க்குள் அடங்கும். உலகத்திலேயே பாதுகாப்பான பூட்டு என்று நம்பி ஆட்கள் போட்டுக்கொண்டதற்கு, ஒரு நீளத்துக்கு ஏறக்குறைய முப்பத்து மூவாயிரம் சாவிதான் மொத்தச் சரக்கு. டெபியனிலும் அதைத் தழுவிய உபுண்டுவிலும் இது பரவியது. 2008 மே மாதம்தான் வெளியே வந்தது. ஏறக்குறைய இரண்டாண்டு அந்தச் சாவிகளைப் பூட்டென்று நம்பி உலகம் தூங்கியது. பிறகு எல்லாச் சாவியையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று.

இதில் நுணுக்கம் என்னவென்றால், வால்கிரைண்ட் பொய் சொல்லவில்லை, பராமரிப்பாளர் அலட்சியக்காரரும் அல்லர். அலட்சியக்காரர் எச்சரிக்கையைப் பார்க்காமல் போயிருப்பார், உலகம் தப்பியிருக்கும். இவர் பொறுப்பாளி. எச்சரிக்கையை மதித்து, அது நிற்கும்வரை வேலை செய்தார். எச்சரிக்கை நிற்க வேண்டும் என்பதையும், எச்சரிக்கைக்குக் காரணமானது சரியாக வேண்டும் என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது பொறுப்பானவர்களுக்கே வரும் நோய்.

ஆப்பிளின் கதை வேறு. 2014 பிப்ரவரியில் அதன் பாதுகாப்பு நிரலில் 'கோட்டூ ஃபெயில்' என்ற வரி இருமுறை அடுத்தடுத்து நிற்பது தெரியவந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல், கையொப்பச் சோதனையைத் தாண்டிக் குதித்தது. கீழே இருந்த வரிகள் ஒருபோதும் ஓடாது என்று சொல்லும் எச்சரிக்கை கிளாங்கில் உண்டு. ஆனால் டபிள்யூ-ஆலில் சேர்க்கப்படவில்லை. இங்கே அடக்கியவர் நிரலாளர் அல்லர்; பிறப்பிலேயே அடங்கிய எச்சரிக்கை. 2016இல் ஜிசிசியின் ஆறாம் பதிப்பு, வரித் தள்ளல் கண்ணை ஏமாற்றுவதைக் காட்டும் ஓர் எச்சரிக்கையை டபிள்யூ-ஆலிலேயே சேர்த்தது. கடலடி பட்ட பிறகு கட்டும் சுவர்.

பதினொன்றாம் எண்

பதினொன்றாம் கூண்டுக்குப் பொருள், வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பது. புயல் வருகிறதா என்று தெரியாது. வரவில்லையா என்றும் தெரியாது. தெரியாது என்பதைத் தெரிவிக்கக் கம்பத்தில் ஒன்றை ஏற்றிவிட்டோம். இதைக் கண்டுபிடித்த மூளைக்கு இவ்வாய்வாளர் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். கூண்டு ஏறாத கம்பம் 'ஆபத்தில்லை' என்று பேசும். ஆகவே ஆபத்து உண்டா இல்லையா என்று தெரியாத நேரத்தில் கம்பம் வெறுமையாக இருக்கக் கூடாது. அமைதியிலும் இரண்டு வகை உண்டு என்று கண்டு, இரண்டாவதற்கு எண் கொடுத்திருக்கிறார்கள்.

1964 டிசம்பர் 22, புயல் இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர், ஊரை நெருங்கும்போது சிக்னல் விழாமல் நின்றது என்றும், காத்திருந்துவிட்டு ஓட்டுநர் நீளமாக ஊதி வண்டியை நகர்த்தினார் என்றும் இந்தத் தீவில் சொல்கிறார்கள். போ என்றும் இல்லை, நில் என்றும் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அந்த வண்டியைக் கடல் எடுத்துக்கொண்டது. தனுஷ்கோடியையும் எடுத்தது, பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126ஐ எடுத்தது. பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீட்டார்கள். தனுஷ்கோடிக்குத் தண்டவாளம் திரும்பவேயில்லை.

கம்பைலருக்கு இந்தப் பதினொன்றாம் எண் கிடையாது. ஜிசிசியில் சின்ன 'டபிள்யூ' மட்டும் போட்டால் எல்லா எச்சரிக்கையும் ஒரேயடியாக அடங்கும். அப்போது வரும் வெற்றுத் திரையும், பழுதே இல்லாத நிரல் தரும் வெற்றுத் திரையும் ஒன்றுபோலவே இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர் பார்ப்பார், வார்னிங் பூஜ்யம், நல்ல குழு என்று நினைப்பார். கிளாங்-டைடி என்ற துப்புரவுக் கருவி மட்டும் இந்த வகையில் நேர்மையானது. வேலை முடிந்ததும், இத்தனை எச்சரிக்கையை அடக்கியிருக்கிறேன் என்று கடைசியில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகும். எல்லாக் கம்பைலருக்கும் இப்படி ஒரு வரியைக் கட்டாயமாக்க வேண்டும்; அதன் எண் 11 என்று இருக்க வேண்டும். இது இவ்வாய்வின் முதல் பரிந்துரை. வேறு பரிந்துரை ஒன்றுதான் இருக்கிறது.

கூண்டு இறக்கம்

பாம்பனில் கூண்டு ஏற்றியது எவ்வளவு செய்தியோ, இறக்கியதும் அவ்வளவு செய்தி. மறுநாள் நாளிதழில் சின்னதாகவாவது வரும். ஏற்றிய கையே இறக்க வேண்டும் என்பது துறைமுக ஒழுக்கம். நிரலில் அடக்கத்தை ஏற்றுவதற்கு ஆயிரம் பேர் உண்டு, இறக்குவதற்கு ஒருவரும் இல்லை. எந்த எச்சரிக்கைக்காக அடக்கம் போட்டார்களோ அந்த வரியே திருத்தப்பட்டுப் போயிருக்கும். அடக்கம் மட்டும் நிற்கும். அதன் நிழலில் நாளை வேறொரு மெய்யான தவறு வந்து படுத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து அண்மையில்தான் கிடைத்தது. டைப்ஸ்கிரிப்ட் மொழியில் 'டிஎஸ்-இக்னோர்' என்று எழுதினால் அடுத்த வரியின் பிழை அடங்கும். பிழை இல்லாவிட்டாலும் அது கேள்வி கேட்காமல் நிற்கும். 2020இல் வந்த 3.9 பதிப்பு 'டிஎஸ்-எக்ஸ்பெக்ட்-எரர்' என்று வேறொன்றைத் தந்தது. இதுவும் அடக்கும். ஆனால் அடுத்த வரியில் பிழை இல்லாமல் போன நாளில் இதுவே எழுந்து, அடக்குவதற்கு இங்கே ஒன்றும் இல்லை, என்னை எடு என்று எரர் தரும். ரஸ்டில் 2024இல் 'எக்ஸ்பெக்ட்' நிலைபெற்றது. அதே குணம், கொஞ்சம் மென்மையாக வார்னிங்காகச் சொல்லும். தானே இறங்கத் தெரிந்த கூண்டு. அடக்குவதென்று முடிவெடுத்தவர் இதையே பயன்படுத்த வேண்டும், மற்றதைத் தொடக் கூடாது என்பது இரண்டாம் பரிந்துரை.

"அப்ப கூண்டே சொல்லுமா, என்னய எறக்குன்னு?" என்று சம்மாட்டி கேட்டார். ஆமென்றதும், "அப்படின்னா அந்த ஆபீசுல ஒரு ஆளு கொறஞ்சிரும்" என்றார்.

ஆய்வின் வரம்புகள்

இக்கட்டுரை எழுதிய கணினியில் எழுத்துப்பிழை காட்டும் வசதி அணைக்கப்பட்டிருந்தது. 'கூண்டு', 'சம்மாட்டி', 'அக்காள்மடம்' என்ற சொற்களை அது ஒவ்வொரு முறையும் சிவப்புக் கோடிட்டுக்கொண்டே இருந்ததால், ஒவ்வொன்றாகப் பட்டியலில் சேர்ப்பதற்கு மாறாக மொத்தமாக நிறுத்தும் மூன்றாம் வகை அடக்கம் கடைப்பிடிக்கப்பட்டது. அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை திறந்து பார்த்தாயிற்று. அது முதலில் கோடிட்டுக் காட்டியது ஆய்வாளரின் பெயரை.